அத்தியாயம் 6: மாரிக்கு முன் உழவு இயந்திரத்துக்கு ஒரு பிளேட்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் மாரி வந்துவிட்டால் உழவு இயந்திரத்துக்கு இரண்டு வேலை. வட்டையில் உழுது கலக்கிய சேற்றை மட்டமாக்க வேண்டும். ஊருக்குள் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலையும் சேற்றையும் ஒழுங்கைகளில் இருந்து ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கருவி போதும்: இயந்திரத்தின் பின்னால் மாட்டும் ஒரு இரும்புப் பிளேட். கடையில் புதிதாக வாங்கலாம். ஊர் வெல்டிங் கடையிலேயே உங்கள் இயந்திரத்தின் அளவுக்குச் செய்துகொள்ளவும் முடியும். அதை எப்படிச் செய்வது, மாட்டுவது, ஓட்டுவது என்பதே இந்த அத்தியாயம்.

மட்டம் என்பது அழகுக்காக அல்ல. கல்லோயாத் தண்ணீர் இங்கினியாகலையிலிருந்து புறப்பட்டு வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, கடைசியில்தான் கரையோர வயல்களுக்கு வருகிறது. வரவை மேடும் பள்ளமுமாக இருந்தால் மேட்டை நனைக்கவே பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கட்ட வேண்டிவரும். மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் விதை அழுகும். நாம் நாற்று நடுவதைவிட முளை நெல்லை வீசி விதைப்பவர்கள். அதனால் மட்டம் பிசகினால் அடி முதலில் நமக்குத்தான்.

வேலை தொடங்குமுன் ஒரு விதியை மனதில் இருத்துங்கள்: உடைய வேண்டியது சின்ன போல்ட், இயந்திரமோ ஓட்டுபவரோ அல்ல. கீழே சொல்லப்படும் அளவுகள் எல்லாம் இந்த விதியிலிருந்தே வருகின்றன.

## எப்போது செய்வது

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் தொடங்குங்கள். பெரும்போக விதைப்பு ஒக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் சூடுபிடிக்கும். அந்த நேரம் எல்லா வெல்டிங் கடையிலும் வரிசை நிற்கும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி முடிவாகும்போது உங்கள் பிளேட் ஒருமுறை ஓடிச் சோதித்ததாக இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் மழை. ஈர நிலத்தில் வெல்டிங் செய்வது மின்சாரத்தைக் கையில் பிடிப்பதற்குச் சமம். காய்ந்த நிலம், காய்ந்த சப்பாத்து இருக்கும் காலத்திலேயே ஒட்டுவேலையை முடித்துவிடுங்கள்.

## முதலில் அளவு

இரும்புக் கடைக்குப் போகுமுன் உங்கள் இயந்திரத்தை அளந்து தாளில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பிளேட்டைப் பார்த்து அப்படியே செய்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. ஒரே கம்பனி இயந்திரத்திலும் டயர் அகலமும், பின்னால் கருவியைத் தூக்கும் கைகளின் அளவும் வேறுபடும்.

1. இயந்திரத்தைக் கொங்கிரீட் தரை போன்ற மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பின் டயர்களிலும் காற்று சமமாக இருக்கட்டும்.
2. ஒரு பின் டயரின் வெளி விளிம்பிலிருந்து மறு டயரின் வெளி விளிம்பு வரை அளவெடுங்கள். சேற்றுக்கு இரும்புச் சில்லு பூட்டுபவர் என்றால் அதையும் பூட்டி அளவெடுங்கள்.
3. கீழ்க் கைகள் இரண்டிலும் உள்ள உருண்டைத் துளையின் விட்டத்தை அளவெடுங்கள். 45 குதிரைவலு வரையான இயந்திரங்களில் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் ஊசி போகும். மேல் கைக்கு 19 மில்லிமீட்டர்.
4. கீழ் ஊசிகள் இரண்டுக்கும் இடையிலான தூரம் இந்த வகைக்கு ஏறத்தாழ 27 அங்குலம். கீழ் ஊசியிலிருந்து மேல் கை ஊசிக்கு உயரம் 18 அங்குலம். உங்கள் கலப்பையில் இந்த இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். கலப்பை சரியாகப் பொருந்துகிறது என்றால் அதன் அளவே உங்களுக்குச் சரி.
5. கீழ்க் கைகளை முழுதாக உயர்த்தியும் தாழ்த்தியும் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று குறியுங்கள்.

பிளேட்டின் நீளம்: நேராக மட்டும் இழுப்பதானால் டயர்களின் வெளி அகலத்தைவிட 4 அல்லது 6 அங்குலம் கூட இருந்தால் போதும். சரித்தும் இழுக்க வேண்டும் என்றால் இன்னும் நீளம் வேண்டும். 30 பாகை சரித்த 6 அடிப் பிளேட் 5 அடி 2 அங்குலத்தை மட்டுமே மூடும். டயர் தடம் வெளியே கிடக்கும். வெளி அகலம் 5½ அடி என்றால் பிளேட்டை 6½ அடிக்கு வெட்டுங்கள்.

## தேவையான பொருள்கள்

- பிளேட் தகடு: 6 மில்லிமீட்டர் தடிப்பு, 20 அங்குல அகலம், மேலே முடிவுசெய்த நீளம். இதை உருளையில் கொடுத்து வளைத்தால் 16, 17 அங்குல உயரம் கிடைக்கும். 6½ அடித் தகடு மட்டும் 45 கிலோவுக்கு மேல் இருக்கும்.
- வெட்டு விளிம்பு: 4 அங்குல அகலம், 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டை.
- நடுத் தண்டு: 3 அங்குலச் சதுரக் குழாய், சுவர்த் தடிப்பு 6 மில்லிமீட்டர், நீளம் 3 அடி.
- திருப்புத் தட்டுகள்: 18 அங்குல விட்டம், 12 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு வட்டம்.
- நடு அச்சு: 1½ அங்குல உருளைக் கம்பி, அதற்கேற்ற புஷ், கிரீஸ் நிப்பிள்.
- ஊசிகள்: மூன்றும் கடையில் வாங்கியவையாகவே இருக்கட்டும். கொங்கிரீட் கம்பியை வெட்டி ஊசியாகப் பாவிக்க வேண்டாம்.
- உடையும் போல்ட்: 10 மில்லிமீட்டர், சாதாரண இரும்பு. பத்துப் பன்னிரண்டு வாங்கிக் கருவிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

வேண்டாத பொருள்கள்: எண்ணெய் பீப்பாவை இரண்டாகப் பிளந்து பிளேட் செய்வதுண்டு. அதன் தகடு மெல்லியது, முதல் வரம்பிலேயே மடங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, டீசலோ பெற்றோலோ இருந்த பீப்பாவை வெட்டும்போது உள்ளே தங்கிய ஆவி வெடிப்பது. பழைய எரிவாயு சிலிண்டரையும் தொடாதீர்கள். கல்வனைஸ் குழாய் என்றால் ஒட்டும் இடத்தில் பூச்சை முழுதாகக் கிரைண்ட் செய்து எடுங்கள்; அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

லொறி ஸ்பிரிங் பட்டை: தேயாத விளிம்புக்கு இது நல்ல இரும்புதான். ஆனால் அதை நேரடியாகப் பிளேட்டில் ஒட்டினால் ஒட்டின் ஓரத்தில் கண்ணாடிபோல் வெடிக்கும். சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் துளைக்கலாம். பிறகு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். விளிம்பு எந்த இரும்பானாலும் போல்டில்தான் இருக்க வேண்டும். தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம், மாற்றலாம்.

## செய்முறை

1. தகட்டை வளையுங்கள். குழிந்த பக்கம் இயந்திரத்தைப் பார்க்கும். லேத் கடையில் உருளை இருந்தால் கொடுத்து வளையுங்கள். சுத்தியலால் அடித்து வளைத்தால் தகடு முறுகும்.
2. முதுகுக்கு வலு கொடுங்கள். பிளேட்டின் பின்புறத்தில் முழு நீளத்துக்கும் 3 அங்குல ஆங்கில் ஒன்றை மேல் விளிம்புக்குக் கீழே வையுங்கள். நிலைக்குத்தாக நான்கு துண்டு தகடு வையுங்கள்.
3. விளிம்புக்குத் துளையிடுங்கள். ஒவ்வொரு 10 அங்குலத்துக்கும் ஒரு 16 மில்லிமீட்டர் துளை. போல்டின் தலை முன்னால் துருத்தாமல் பதிந்திருக்க வேண்டும்.
4. திருப்புத் தட்டுகளைத் தயாரியுங்கள். இரண்டு வட்டத்தையும் ஒன்றாகப் பிடித்துவைத்து ஒரே முறையில் துளையுங்கள். நடுவில் அச்சுக்கு ஒன்று. நடுவிலிருந்து 8 அங்குலம் தள்ளி 0, 15, 30 பாகைகளில் இரு பக்கமும் உடையும் போல்டுக்கான துளைகள்.
5. நிறுத்துக் கட்டை வையுங்கள். பிளேட் 45 பாகைக்கு மேல் எந்தப் பக்கமும் திரும்பாதபடி மேல் தட்டில் இரண்டு தடித்த துண்டுகளை ஒட்டுங்கள். போல்ட் உடைந்து பிளேட் திரும்பும்போது அதன் மூலை பின் டயரைக் கிழிக்காமல் காப்பது இந்தக் கட்டைதான்.
6. முன் சட்டத்தைப் பூட்டுங்கள். கீழ் ஊசிகள் இரண்டும், மேல் கைக்கான தூணும், நடுத் தண்டும் சேரும் இடம் இது. தூணின் உச்சியிலிருந்து தண்டின் கடைசி வரை ஒரு சாய்வுத் துண்டு போடாமல் விடாதீர்கள். இது இல்லாத சட்டம் ஒரு போகம் தாங்காது.
7. புள்ளி ஒட்டில் நிறுத்தி அளவெடுங்கள். இடது கீழ் ஊசியிலிருந்து பிளேட்டின் இடது மூலைக்கும், வலது ஊசியிலிருந்து வலது மூலைக்கும் உள்ள தூரம் சமமாக இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடைத்துத் திரும்பப் பிடியுங்கள்.
8. முழு ஒட்டு. ஒரே இடத்தில் நீட்டி ஒட்டாமல் 3 அங்குலம் இங்கே, 3 அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். சாதாரண வேலைக்கு 6013 குச்சி போதும். சட்டம், தூண், தட்டு ஆகிய இழுவை வாங்கும் இடங்களுக்கு 7018 குச்சியைக் காயவைத்துப் பாவியுங்கள்.
9. பெயின்ட். கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரு மாரிக்குள் பொரிந்துவிடும். துரு சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே இரண்டு பூச்சு. வெட்டு விளிம்புக்குப் பூச்சு வேண்டாம்.

குறிப்பு: ஒட்டுவேலையை இயந்திரத்தில் மாட்டிவைத்துச் செய்யாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் பெற்றறி வயர்களையும் அல்டர்னேட்டர் வயர்களையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நேரமாகிறது என்று கடைசி ஒட்டை அவசரமாக முடிப்பதும் கூடாது. தொழுதுவிட்டு வந்து ஆறுதலாக ஒட்டச் சொல்லுங்கள். "காக்கா, தூண் ஒட்ட இன்னொரு சுத்து ஓட்டி விடுங்க" என்று கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

## உடையும் போல்ட்: ஏன் இவ்வளவு சின்னது

பிளேட்டின் மூலை ஒரு தென்னங்கட்டையிலோ மதகின் கொங்கிரீட்டிலோ மாட்டினால் அந்த விசை எங்காவது போக வேண்டும். நடுவிலிருந்து 8 அங்குலத்தில் உள்ள 10 மில்லிமீட்டர் சாதாரண போல்ட், மூலையில் 300 முதல் 400 கிலோ விசை வந்ததும் அறுந்துவிடும். பிளேட் திரும்பும், நீங்கள் நிறுத்துவீர்கள், புது போல்ட் போட்டு வேலையைத் தொடர்வீர்கள்.

அடிக்கடி உடைகிறதே என்று 8.8 முத்திரை உள்ள கடினமான போல்டைப் போடுபவர்கள் உண்டு. அப்போது போல்ட் நிற்கும். கீழ்க் கை வளையும், இல்லாவிட்டால் சட்டம் பிளக்கும். மூன்று நிமிட வேலை மூன்று நாள் வேலையாகும், விதைப்புத் திகதியும் தப்பும். கனடாவிலும் நோர்வேயிலும் சிறிய தோட்ட உழவு இயந்திரங்களின் முன்னால் இதே மாதிரிப் பிளேட் பூட்டிப் பனி தள்ளுவார்கள். அங்கே தடை பட்டதும் பிளேட் மடங்கிக்கொள்ள ஸ்பிரிங் வைப்பது வழக்கம். அந்த வேலையை இங்கே இந்தப் போல்ட் செய்கிறது.

## மாட்டும் ஒழுங்கு

1. பிளேட்டை மட்டமான தரையில், கட்டை முண்டு கொடுத்து வையுங்கள். முழுப் பிளேட்டும் 150 கிலோ அளவில் வரும். கையால் தூக்கிப் பிடித்து மாட்ட முயல வேண்டாம்.
2. இயந்திரத்தை மெதுவாகப் பின்னெடுங்கள். இயந்திரம் அசையும் நேரத்தில் பிளேட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகளை வளவுக்கு வெளியே அனுப்புங்கள்.
3. எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, பிரேக்கைப் பூட்டுங்கள்.
4. இடது கீழ்க் கை முதலில். பிறகு வலது. வலது பக்கம் உயர்த்தித் தாழ்த்தத் திருகு இருக்கும், அதனால் அதைப் பொருத்துவது எளிது.
5. மேல் கை கடைசி. மூன்று ஊசிகளுக்கும் பூட்டுக் கிளிப் போட்டதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.
6. பக்கச் சங்கிலிகளை இறுக்குங்கள். பிளேட் பக்கவாட்டில் 2 அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது.
7. ஒரு அடி உயர்த்தி, தாழ்த்தி, இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் மூலைக்கும் டயருக்கும் ஒரு கை இடைவெளியாவது வேண்டும்.

மேல் கையின் நீளம்: மேல் கையைச் சுருக்கினால் பிளேட்டின் மேல் விளிம்பு இயந்திரத்தின் பக்கம் சாயும், மண்ணை மேலாகச் சுரண்டும். நீட்டினால் பிளேட் பின்னால் சாயும், கீழ் விளிம்பு மண்ணைத் தோண்டும். சேற்றை மட்டமாக்கச் சுருக்கியும், காய்ந்த மேட்டை வெட்ட நீட்டியும் வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு சுற்று மட்டும் திருகி, ஓட்டிப் பார்த்து மேலும் திருத்துங்கள்.

## வயலில் ஓட்டும் முறை

1. உழுது கலக்கிய வரவையில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீருக்கு மேலே தலை காட்டும் மண்தான் மேடு. தனியாக மட்டக் கருவி வேண்டியதில்லை.
2. மேட்டில் பிளேட்டை இறக்கி, பள்ளத்தில் உயர்த்துங்கள். மண்ணை நீண்ட தூரம் இழுப்பதைவிடப் பக்கத்துப் பள்ளத்தில் விடுவதே சரி.
3. குறைந்த கியரில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளேட் துள்ளி, அலை அலையாகத் தடம் விடும்.
4. வரம்போரத்துக்குக் கடைசியாகப் போங்கள். வரம்பின் அடி மண்ணைச் சுரண்டாதீர்கள். பக்கத்து வயல்காரருடன் வரும் வழக்குகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.
5. கடைசிச் சுற்றில் பிளேட்டை நேராக்கி, மேலாக ஓட்டுங்கள். உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு அங்குலத்துக்குள் வந்துவிட்டால் போதும். சேறு படிய விட்டு, தண்ணீரை வடிச்சலுக்கு விட்டு விதைக்கலாம்.

வரம்பு கடக்கும்போது: நேர் குறுக்காக, மெதுவாக, பிளேட்டைத் தாழ்வாக வைத்துக் கடவுங்கள். பின்னால் பாரம் இருப்பதால் முன் சில்லு எளிதில் தூக்கும்.

சேற்றில் புதைந்தால்: பின் சில்லில் கட்டையைக் கட்டி ஏற முயலவே வேண்டாம். கட்டை நிலத்தில் ஊன்றியதும் சில்லு நின்று, இயந்திரம் முன்பக்கம் கிளம்பி ஓட்டுபவர் மேலே கவிழும். பிளேட்டைக் கழற்றுங்கள், சில்லின் முன்னால் மண் தோண்டுங்கள், இன்னொரு இயந்திரத்தால் இழுத்தெடுங்கள்.

## ஒழுங்கையிலும் கடற்கரையோரத்திலும்

- கொங்கிரீட் அல்லது கல் பதித்த வீதியில் இரும்பு விளிம்பை நேரடியாக வைக்காதீர்கள். பழைய லொறி டயரில் வெட்டிய 6 அங்குலப் பட்டையை விளிம்பின் அதே போல்டுகளில் பூட்டுங்கள். மணலும் சேறும் போகும், வீதி தப்பும்.
- பிளேட்டை 30 பாகை சரித்து, மண்ணை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தில் வடிகான் வாய் இருந்தால் மறு பக்கம் சரியுங்கள். வடிகானை அடைத்தால் அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் வீடுகளுக்குள் வரும்.
- தண்ணீர்க் குழாய் மீற்றர், மூடி இல்லாத மதகு ஆகிய இடங்களை முதலில் நடந்து பார்த்துத் தடி நட்டுக் குறியுங்கள்.
- பொது வீதியில் வேலை செய்யுமுன் மாநகர சபை அல்லது பிரதேச சபையிடம் சொல்லி அனுமதி பெறுங்கள்.
- கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். அதற்கான கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. வீதியில் ஏறிய மணலைக் கரைக்கே திருப்பித் தள்ளலாம். அங்குள்ள அடம்பன் கொடியின்மேல் பிளேட் போகக் கூடாது; மணல் மேட்டைக் காற்றுக்கும் அலைக்கும் தாங்கி நிறுத்துவது அந்தக் கொடிதான்.

ஓடும் வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எந்த வெள்ளத்தையும் தாண்டும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஊறிப்போய் இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகளை இழந்தோம். பின்னால் பூட்டிய பிளேட்டும் நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்று இழுவையைக் கூட்டும். வீதி தெரியாத அளவுக்குத் தண்ணீர் ஓடினால் வேலை நாளைக்குத்தான். பாரத்தூக்கிக் கைகளின் மேலோ பிளேட்டின் மேலோ எந்த நாளிலும் ஆளை ஏற்றாதீர்கள்.

## லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு

இரு சில்லு இயந்திரத்தை நம் நாட்டு நிலத்துக்கு ஏற்றதாக 1950களில் வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. இன்று வேறு பல கம்பனிகளின் இயந்திரங்கள் ஓடினாலும் லேண்ட்மாஸ்டர் என்ற அந்த முதல் பெயரே நின்றுவிட்டது. இதற்கு இரும்புப் பிளேட் பாரம் அதிகம். மரப் பலகையே ஏற்றது.

1. தென்னை அல்லது பனை மரத்தில் 5 அடி நீளம், 8 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்புள்ள பலகை எடுங்கள்.
2. கீழ் விளிம்பில் 2 அங்குல இரும்புப் பட்டை ஒன்றை ஆணியடிக்காமல் போல்டில் பூட்டுங்கள்.
3. பின் கொளுவியில் இரண்டு ஆங்கில் துண்டுகளால் மாட்டுங்கள். இங்கேயும் ஒரு பக்கம் 6 மில்லிமீட்டர் உடையும் போல்ட் வேண்டும். பலகை கட்டையில் மாட்டினால் கைபிடி எகிறி நெஞ்சில் அடிக்கும்.
4. பாரத்துக்காகப் பலகையின் மேல் ஆள் ஏறி நிற்பது வேண்டாம். மண் நிரப்பிய உரப் பையைக் கட்டுங்கள்.
5. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். சுழலும் கத்திகளில் துணி சிக்கினால் கையெடுக்க நேரம் இராது. காற்சட்டை அணியுங்கள்.

## குறை கண்டால்

- ஒரு பக்கம் ஆழமாக வெட்டுகிறது: வலது கைத் திருகைச் சரிசெய்யுங்கள். டயர் காற்றையும் பாருங்கள்.
- அலை அலையாகத் தடம் விழுகிறது: வேகத்தைக் குறையுங்கள். நடு அச்சின் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள்.
- முன் சில்லு இலேசாகி, வளைக்க முடியவில்லை: முன்பக்கத்தில் பாரக் கட்டைகள் பூட்டுங்கள். பின்பக்கத்தை மட்டும் பாரமாக்காதீர்கள்.
- உடையும் போல்ட் அடிக்கடி போகிறது: ஒரே தடவையில் அதிகம் வெட்டுகிறீர்கள். மேல் கையைச் சுருக்கி, மெல்லிய படலமாக எடுங்கள்.
- பின்னோக்கித் தள்ளும்போது கை வளைகிறது: இந்தப் பிளேட் இழுக்கச் செய்தது. பின் கியரில் தளர்ந்த மணலை மட்டும் தள்ளலாம்.

## ஒவ்வொரு நாளும்

வேலை முடிந்ததும் பிளேட்டை நிலத்தில் இறக்கிவிட்டே எஞ்சினை நிறுத்துங்கள். தூக்கிய நிலையில் அதன் கீழே கை வைக்க வேண்டியிருந்தால், கொங்கிரீட் கல் அல்ல, தடித்த மரக்கட்டை முண்டு கொடுங்கள். எண்ணெய் அழுத்தம் எந்த நேரமும் இறங்கலாம். உப்புத் தண்ணீர் பட்ட நாளில் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அச்சுக்குக் கிரீஸ் அடியுங்கள். வீதியில் கொண்டுபோகும்போது பிளேட்டை ஒரு அடி உயரத்தில் வைத்து, இரு மூலையிலும் சிவப்பு ஒளிதெறிப்பு வில்லை ஒட்டுங்கள். இரவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு அந்த மூலைதான் முதலில் எதிர்ப்படும்.

வேலைக்குப் புறப்படுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்: மூன்று ஊசிக்கும் கிளிப் இருக்கிறதா? உடையும் போல்ட் சாதாரண இரும்புதானா? பெட்டியில் மாற்றுப் போல்ட் உண்டா? பிளேட்டின் பக்கம் ஆள் யாராவது நிற்கிறாரா? போகும் வழியில் தண்ணீர் ஓடுகிறதா? ஐந்துக்கும் சரியான பதில் கிடைத்தால் ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒன்று பிசகினாலும் அதைச் சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள். அதற்கு எடுக்கும் அரை மணி நேரத்தால் எந்த விதைப்பும் பிந்திப்போகாது.